துண்டு போட்ட சீட்டு

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற காலை பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு இங்கிலீஷ் வார்த்தை கட்டாயம் கிடைக்கும். கொடுக்கிறவள் ஜெப ஷீலா டீச்சர். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறாள். பாதி வழியில், அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்று ஏறுவாள். ஏறின கையோடு பஸ்ஸே அவள் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவள் மூக்கம்மாள். தோட்டத்துக் காய்கறியைக் கூடையில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் விற்கிறவள். ஒருநாள் கூடையோடு ஏறி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கத்தா" என்றாள். கண்டக்டர் பால்சாமிக்கு வாய் சும்மா இருக்காது. ஆத்தாவுக்கு இங்கிலீஷெல்லாம் தண்ணி பட்ட பாடாக இருக்கிறதே என்று கிண்டலடித்தார். இது எங்கே இங்கிலீஷ், எங்க ஆத்தா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம், அசல் தமிழாக்கும் என்று மூக்கம்மாள் மல்லுக்கு நின்றாள். பஸ் ரெண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் ஷீலாதான் தீர்ப்புச் சொன்னாள். இங்கிலீஷ்தான், ஆனால் அதுவும் இரவல் சரக்கு, இன்னொரு பாஷையிலிருந்து வந்தது, ஆதியில் அதற்குக் கிட்டக் கொண்டுவருகிறது என்றுதான் அர்த்தம் என்றாள். "அப்பக் கிட்டக்க வா தாயி" என்று பக்கத்திலிருந்தவளை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி உட்கார்ந்தாள் மூக்கம்மாள். அன்றைக்குப் பிடித்த பித்து, இன்னும் விடவில்லை.

பஸ் எங்கே வருகிறது என்று விசாரித்துக்கொள்ள அந்தப் பயணிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. நாளைய வார்த்தையை முந்தின நாளே ஷீலா அதில் போட்டுவிடுவாள். நாம் அதை எப்படியெல்லாம் சொல்கிறோம் என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டு வருவார்கள். பிறகு அவள் அதன் பூர்வீகத்தைச் சொல்வாள். பூராவும் வினைச்சொல்தான். 'பண்ணு' என்று கடைசியில் ஒட்டினால் நம்ம வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறதே, அந்த மாதிரிச் சொற்கள். ட்ரை பண்ணு, மேனேஜ் பண்ணு, செக் பண்ணு என்று ஒவ்வொன்றாக வந்து போயின.

இதெல்லாம் பஸ்ஸின் பாதிக் கதைதான். மீதிக் கதை ஒரு துண்டில் இருக்கிறது.

முன் படிக்கட்டை ஒட்டி, சன்னலோரமாக ஒரு ஒத்தைச் சீட்டு உண்டு. பஸ் திருச்சுழி ஸ்டாண்டில் வந்து நின்றதும் சன்னல் வழியாக ஒரு பச்சைத் துண்டு அந்தச் சீட்டில் வந்து விழும். ஆங்காங்கே கிரீஸ் கறை படிந்த துண்டு. போடுகிறவன் கிறிஸ்டோ. பாளையம்பட்டியில் வாடகைக் கடை பிடித்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறான், சாயங்காலமும் இதே பஸ்ஸில்தான் திரும்புகிறான். நம்ம பக்கம் துண்டு விழுந்த சீட்டென்றால் பத்திரம் பதிந்த மாதிரி. எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் எவரும் கை வைக்க மாட்டார்கள். கிறிஸ்டோ சீட்டைப் பிடித்துவிட்டுப் பின் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொள்வான். விலக்கில் ஷீலா ஏறுவாள், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள், இறங்கும்போது கைமாற்றிக் கொடுத்தனுப்புவாள். ரெண்டு பேரும் பஸ்ஸில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸுக்கே தெரியும். டிரைவருக்குக்கூடத் தெரியும்.

தெரியாத ஒரே ஆள் ஷீலாவின் அப்பா ஜான்ராஜ் உபதேசியார்.

அவர் அந்தப் பஸ்ஸில் வருகிறவரில்லை. கிராமத்து வேதக்கோயிலில் ஆராதனை நடத்துகிறவர், சபை கொடுத்த வீட்டில் குடியிருக்கிறவர், எங்கே போனாலும் மொபெட்டில் போகிறவர். துண்டு விஷயத்தை மூச்சுவிடாமல் கிறிஸ்டோவின் அம்மா முறைப்படி வந்து பெண் கேட்டபோது அவர் சொன்ன பதில், "ஜெபம் பண்ணுவோம்." அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சுற்றுலாவுக்கு விடுவீங்களா என்று பள்ளிக்கூடக் காலத்தில் ஷீலா கேட்டபோதும் ஜெபம் பண்ணுவோம்தான். அம்மா சவுந்தரம் ஒரு கிரைண்டர் கேட்டபோதும் அதேதான். பச்சையாக வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது, பாவம்.

காரணம் கேட்டால் ஒரே ஒரு வார்த்தை. பையன் இன்னும் செட்டில் ஆகவில்லை.

கோயம்புத்தூர்க் கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருந்தவன் அதை உதறிவிட்டு வந்து கடை வைத்திருக்கிறான். வெயில் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, மழை விழுந்தால் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டும். சொந்த வீடு கிடையாது, சொந்தக் கடையும் கிடையாது. இதற்கு நடுவில் மதுரையிலிருந்து ஒரு வரன் வந்து சேர்ந்தது. பேங்க் வேலை, மாடி வைத்த வீடு. புதன்கிழமை அருப்புக்கோட்டையில் கண் காட்டப் போகிறேன், வந்ததும் ராத்திரி மதுரைக்காரர்களுக்குப் போன் போட்டுச் சரி சொல்லிவிடுகிறேன் என்றார் ஜான்ராஜ். செட்டில் ஆன பையன், செட்டில் ஆன குடும்பம் என்று அந்தச் சொல்லை அவர் வாய்க்கு வாய் சொன்னபோது ஷீலாவுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் வாய் திறந்ததா? அதுதான் இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள், அப்பாவுக்கு முன்னால் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. உபதேசியார் வேலையென்றால் ஊர் ஊராக மாற்றல். ஷீலா அ, ஆ படித்தது ஒரு ஊர், வாய்ப்பாடு படித்தது இன்னொரு ஊர். சவுந்தரம் போகிற ஊரிலெல்லாம் கொல்லையில் ஒரு கொய்யாக் கன்று வைப்பாள். அது காய்க்கிறதற்குள் மாற்றல் வந்துவிடும். பெண்ணாவது ஒரு வீட்டில் வேர் பிடித்து இருக்கட்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் என்ன தப்பு? தப்பில்லை என்று தெரிந்ததால்தான் அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருச்சுழியில் ஜெபக்கூட்டம் என்று கிளம்பினார் அப்பா. ராத்திரி அங்கேயே ஒரு சபையார் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்விடுவதாகச் சொன்னார். கண்ணில் மருந்து விட்டால் மங்கலாகிவிடும், வண்டி ஓட்ட முடியாது, அதனால் பஸ். சாயங்காலம் ஷீலா பள்ளிக்கூடம் விட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் அவரைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அவர் தலை மறைந்ததும் ஷீலா ஆத்திரத்தோடு குரூப்பைத் திறந்து நாளைய வார்த்தையைப் போட்டாள். செட்டில்.

புதன்கிழமை காலையில் விலக்கில் பஸ் நின்றது. ஷீலா முன் படிக்கட்டில் கால் வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். ஒத்தைச் சீட்டில் அவள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் வேதப்புத்தகப் பை. பைக்கு மேலே நாலாக மடித்த பச்சைத் துண்டு.

"ஏறும்மா, வண்டி போகணும்ல" என்றார் பால்சாமி. அவர் குரலில் வழக்கமான கிண்டலைக் காணோம். பஸ்ஸில் ஆளாளுக்குத் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். கிறிஸ்டோ முகம் சுண்டிப்போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நடந்ததை மூக்கம்மாள்தான் கூடைக்கு மேலே குனிந்து, காதோடு காதாகச் சொன்னாள். அப்பா முதல் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். சபையார் வீட்டில் இட்லி சாப்பிடாமல் விடமாட்டோம் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்களாம். இந்தப் பஸ்ஸுக்கு வந்திருக்கிறார். கிறிஸ்டோ துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். மனுஷன் நேராக வந்து துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மொபெட்டில் போகிறவருக்குப் பஸ் சட்டம் எப்படித் தெரியும்? அது ஆள் வருகிற சீட்டு, எந்திரிங்க என்று மூக்கம்மாள் சொல்லியிருக்கிறாள். ஆள் வந்தால் எந்திரிக்கிறேன், துண்டுக்கு எதற்கம்மா சீட்டு என்று அவர் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், இவளுக்கு வந்ததே ஆங்காரம்.

"எல்லாத்தையும் கொட்டிப்புட்டேன் டீச்சரு" என்றாள் மூக்கம்மாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "இது எங்க டீச்சருக்கு மோட்டார்க்காரத் தம்பி போட்ட துண்டு. மழையாகட்டும் வெயிலாகட்டும், அந்தப் புள்ள நின்னுக்கிட்டே வந்து டீச்சர உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகுது, ஒரு நா அது உக்காந்து நாங்க பாத்ததில்லைன்னேன். அத்தோட விட்டேனா? அவளப் பெத்த மகராசன் ஒருத்தரு, பையன் செட்டில் ஆகலன்னு குறுக்க படுத்துக் கெடக்காருன்னும் சொல்லிப்புட்டேன். அவுகதான் அந்த மகராசன்னு எனக்கென்ன தெரியும்? தம்பி வந்து அய்யா ஸ்தோத்திரம்னு கும்பிட்டு, டீச்சரோட அப்பான்னு எங்காதுல சொன்னப்பத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு."

இத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை, பாவி, பஸ்ஸில் வைத்துப் பந்தி பரிமாறிவிட்டாளே. அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "ஆள் வந்தாச்சுல்ல, உக்காரும்மா" என்றார். குரலில் கோபமும் இல்லை, சாந்தமும் இல்லை. நீங்க உக்காருங்கப்பா, உங்களுக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே சீமைக்கருவேலங் காடு ஓடியது, எங்கோ கரி சுடுகிற மூட்டம் புகைந்தது. பால்சாமியால் பேசாமல் இருக்க முடிகிற காரியமா? நல்லது செய்கிற நினைப்பில் எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினார். "டீச்சர், இன்னிக்கு வார்த்தை செட்டில்தான?"

எவரோ ஒருவர் சிரித்தார். அது போதும், மடை திறந்துகொண்டது. பின்னாலிருந்து ஒருவர், எங்க அண்ணன் துபாயில் செட்டில் என்றார். இன்னொருவர், எங்க அப்பா என் தம்பிக்கு மட்டும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், அந்த வழக்கு இன்னும் ஓடுகிறது என்றார். கேஸைக் கோர்ட்டுக்கு வெளியே செட்டில் பண்ணுவதும் உண்டு என்று எடுத்துக் கொடுத்தார் ஒரு பெரியவர். காலேஜ் பையன் ஒருவன், வம்புக்கு வந்தால் ஆளை செட்டில் பண்ணிவிடுவேன் என்றுகூடச் சொல்கிறார்களே என்றான். கலங்கின கண்மாய்த் தண்ணீரைக் குடத்தில் அப்படியே வைத்தால் மண்ணெல்லாம் அடியில் செட்டில் ஆகிவிடும் என்றாள் ஒரு பெண். எல்லாரும் ஷீலாவைப் பார்த்தார்கள்.

இன்றைக்கு வேண்டாமே என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார், ஆனால் காது இங்கே இருந்தது. கிறிஸ்டோவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்கிற மாதிரித் தலையை லேசாக அசைத்தான். அந்த அசைவைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் துணிச்சல். வீட்டில் பேச முடியாவிட்டால் என்ன, இது என் வகுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கிலீஷ் இன்றைய இங்கிலீஷாக ஆகிறதற்கு முன்னால், ரொம்பப் பழைய காலத்தில், 'செட்ல்' என்று ஒரு சொல் இருந்தது என்று ஆரம்பித்தாள். அதற்கு உட்காருகிற இடம் என்று அர்த்தம். சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை வைத்த நீளமான மரப் பெஞ்சை அந்த ஊரில் இன்றைக்கும் செட்டில் என்றுதான் சொல்கிறார்கள். அந்த இடத்திலிருந்துதான் இந்த வினைச்சொல் பிறந்தது. கேஸை முடிக்கிறது, சண்டையைத் தீர்க்கிறது என்கிற அர்த்தத்துக்கு மட்டும் ராசியாகப் போவதைக் குறிக்கிற வேறொரு பழைய சொல்லும் இதோடு வந்து கலந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். மற்றதெல்லாம் பிற்பாடு சேர்ந்த அர்த்தம். வேலை, வீடு, பேங்க் இதெல்லாம் அந்தச் சொல் பிறக்கும்போது கூடப் பிறந்ததில்லை என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மூக்கம்மாள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, இப்ப இந்தப் பஸ்ஸில் நின்று வருகிறவர்கள் எவரும் செட்டில் ஆகவில்லை என்று சொல்லு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஷீலா சிரிக்கவில்லை. அப்பா திரும்பியிருந்தார்.

"உக்காந்துக்கிறதா, உக்கார வைக்கிறதா?" என்று கேட்டார்.

ஷீலா அவர் பக்கம் திரும்பினாள். "உக்கார வைக்கிறதுதாம்ப்பா மொதல்ல" என்றாள். "இன்னொருத்தர ஒரு எடத்துல நல்லா உக்கார வைக்கிறது. தானே உக்காந்துக்கிறதெல்லாம் பின்னாடி வந்த அர்த்தம்."

ஜான்ராஜ் தலையை ஆட்டினார். அருப்புக்கோட்டை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஷீலாவிடம் சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்துரு என்றார். கிறிஸ்டோ ஒதுங்கி நின்று கும்பிட்டான். அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவருடைய வெள்ளைத் துண்டுக்கு மேலே கிரீஸ் கறை படிந்த பச்சைத் துண்டும் தோளில் கிடந்தது.

"எந் துண்டு" என்றான் கிறிஸ்டோ.

ஷீலாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மறந்து கொண்டுபோனாரா, இனிமேல் இந்தத் துண்டைப் போட விடமாட்டேன் என்று எடுத்துக்கொண்டு போனாரா, அவருக்குத்தான் வெளிச்சம். தப்பாகப் பேசிவிட்டேனோ என்று கேட்டாள். நீ பேசினது சரி, நாந்தான் டீ குடிக்கப் போயிருக்கக் கூடாது என்று அவன் தன் தலையில் தட்டிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எட்டாம் வகுப்பில் நடத்தின பாடத்தையே திரும்ப நடத்தினாள். பிள்ளைகளும் கம்மென்று கேட்டுக்கொண்டன, பொல்லாத பிள்ளைகள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. சவுந்தரத்தின் குரலே ஒரு மாதிரி இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாராம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி.

"நம்ம மாத்தலாகி மாத்தலாகிப் போனோமே, அப்பெல்லாம் லாரியில நீ எங்க உக்காந்து வந்தன்னு கேக்குறாக ஷீலா. எங்க உக்காந்து வந்தேன்? மேல, சட்டிபானைக்கு நடுவுல, ஒன்னைய மடியில வச்சுக்கிட்டு. நீங்க முன்னாடி டிரைவர் பக்கத்துல இருந்தீகளேன்னேன். சரின்னாக. அப்பறம் போன வச்சுட்டாக. என்னடி ஆச்சு அங்க?"

சாயங்காலம் வந்து சொல்றேன்மா என்று ஷீலா போனை வைத்தாள். அம்மா வேடிக்கையாகத்தான் சொன்னாள், அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் ஷீலாவை என்னவோ செய்தது. தார்ப்பாய்க்குக் கீழே, அம்மியையும் பெட்டியையும் முட்டுக் கொடுத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இதை அப்பா இன்றைக்குத்தான் நினைத்துப் பார்க்கிறார் போல. நினைத்து என்ன செய்யப் போகிறார்? சொந்த வீடு இருக்கிற மதுரைக்காரனே மேல் என்று இன்னும் உறுதியாகத் தோன்றினாலும் தோன்றும். அதற்கும் ஞாயம் உண்டு. அவள் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்து மூடிவிட்டாள்.

அன்றைக்கு முகூர்த்த நாள். சாயங்காலம் அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் எள் போட்டால் எண்ணெயாகிற கூட்டம். பட்டுச் சேலைகளும் தாம்பூலப் பைகளுமாக ஜனம் நெருங்கிக் கிடந்தது. ஷீலா வேர்க்க விறுவிறுக்க வந்து அப்பாவைத் தேடினாள். பெஞ்சில் இல்லை, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இல்லை. போன் போட்டாள், எடுக்கவில்லை. கண் தெரியாத மனுஷன் எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறாரோ என்று பதறிப்போய்க் கிறிஸ்டோவைக் கூப்பிட்டாள். அவன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள்.

திருச்சுழி பஸ் வந்து நின்றிருந்தது. ஏற இடமில்லை, படிக்கட்டு வரை ஆள். அதற்குள்ளிருந்து கேட்ட சத்தத்தில் ஷீலாவின் கால் நின்றது. அப்பாவின் குரல். பிரசங்கத்தில்கூட அப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை.

ரெண்டு பேரும் முண்டிக்கொண்டு படியேறி எட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு ரெட்டைச் சீட்டு. சன்னலோரம் ஜான்ராஜ் உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு. பக்கத்துச் சீட்டில் பச்சைத் துண்டு. அதன் மேல் அவர் உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டுச் சட்டை போட்ட ஒரு ஆள் தேங்காய்ப் பையோடு நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊரே நின்றுகொண்டு வருகிறது, பெரிய மனுஷன் துண்டுக்குச் சீட்டுக் கேட்கிறீரே என்று அவர் வாதம்.

"துண்டு போட்ட சீட்டுய்யா இது" என்றார் ஜான்ராஜ். "ஆள் வருது."

"அப்பேர்ப்பட்ட ஆளு யாருங்க? வரட்டும் பாப்போம்."

"எங்க வீட்டு மாப்பிள்ள" என்றார் ஜான்ராஜ். "நின்னுக்கிட்டே வந்த புள்ள. இன்னிக்கு ஒரு நா நான் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன். நீங்க சித்த தள்ளிக்கோங்க."

ஷீலா பக்கத்துக் கம்பியைப் பிடித்தாள். கம்பி என்று நினைத்துப் பிடித்தது கிறிஸ்டோவின் கை. கிரீஸும் வியர்வையுமாக இருந்தது அது. அவள் விடவில்லை. இத்தனை காலமும் பஸ்ஸில் அவள் அதைத் தொட்டதே இல்லை. காலிக் கூடையோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாள், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரு குலவை விட்டாள். விஷயம் என்னவென்று தெரியாமலே கல்யாண வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

பால்சாமி கிறிஸ்டோவை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். சீட்டுக்கு முன்னால் அவன் நின்றான். அப்பா கண்ணாடிக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கி, யாரு என்று கேட்டார்.

"கிறிஸ்டோங்கய்யா."

அவர் துண்டை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு சீட்டைக் கையால் தட்டினார். கிறிஸ்டோ உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று பேர்தான், விளிம்பில் தொற்றிக்கொண்டு இருந்தான். ஷீலா நிற்பதைப் பார்த்ததும் பழக்க தோஷம், சட்டென்று எழுந்தான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அவ நிக்கட்டும்" என்றார். "வாலிபப் புள்ளதான."

பஸ் கிளம்பி, டவுன் வெளிச்சம் பின்னால் போய்க் கரிசல் காட்டு இருட்டு ஆரம்பித்தது. கூட்டம் கொஞ்சம் இளகினதும் ஷீலா அவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ராத்திரி மதுரைக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொன்னீர்களே என்று மெதுவாகக் கேட்டாள்.

"மத்தியானமே பண்ணிட்டேன்" என்றார் அப்பா.

"என்னன்னு சொன்னீக?"

ஜான்ராஜ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஜெபம் பண்ணுவோம்னு சொன்னேன்" என்றார்.

ஷீலா சிரித்த சிரிப்பில் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை, அந்த வீட்டுப் பாஷை அவனுக்கு இன்னும் பழகவில்லை. விலக்கு வரும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.